சம்ஹாரத்துக்கு மறுநாள்

ஐப்பசி கந்த சஷ்டியின் ஆறாம் நாள் திருச்செந்தூர்க் கடற்கரையில் சூரசம்ஹாரம். ஆனைமுகம், சிங்கமுகம் என்று தலை மாறி மாறி வரும் சூரனை ஜெயந்திநாதராகிய முருகன் வேலால் வீழ்த்துகிறார். பிறகு சாயாபிஷேகம்: சுவாமிக்கு எதிரே கண்ணாடி வைத்து, அதில் தெரியும் பிம்பத்துக்கு அபிஷேகம். எவ்வளவு நுட்பமான வழக்கம்!

டிவி நேரலையில் சம்ஹாரம் பார்த்ததும் நம்மில் பலர் எழுந்துவிடுகிறோம். கதை நிறைவது மறுநாள்தான். தெய்வானை அம்பாள் தபசுக்குப் புறப்பாடு, சாயங்காலம் தோள்மாலை மாற்றுதல், இரவில் திருக்கல்யாணம். தேவர்களைச் சிறைமீட்டவருக்கு இந்திரன் தன் மகளையே கொடுத்த சம்பந்தம் அது. கந்தபுராணத்தில் அந்த மணம் திருப்பரங்குன்றத்தில்; செந்தூரிலோ போர் நடந்த ஊரிலேயே கல்யாணம்.

அடுத்த சஷ்டிக்கு வருகிறவர்கள் ஒருநாள் கூடுதலாகத் தங்கி, கல்யாணமும் பார்த்துவிட்டுப் போங்கள்.