ரயிலில் ஏற்றப்பட்டவர்களும் ஏட்டில் ஏறாதவர்களும்

ரயில் என்றதும் கழக்கூட்டத்தில் வாழும் நமக்கு ஊர் நினைவுதான் வரும். பொங்கலுக்கு நாகர்கோவிலோ, திருநெல்வேலியோ, தஞ்சாவூரோ போக டிக்கெட் கிடைத்ததா, வெயிட்டிங் லிஸ்டா என்பதே நம் கவலை. அதே டிக்கெட்டும், கால அட்டவணையும், பெயர்ப் பட்டியலும் பெருங்கொலை ஒன்றுக்குச் சாட்சியாக நின்றதை இக்கட்டுரையில் எழுதுகிறேன். அந்தச் சாட்சி இல்லாமல் போன நம்மவர் கதையும் இதில் வரும்.

இதை எழுதத் தூண்டியது ஒரு கேள்வி. நம் சங்கக் குடும்பத்துக் கல்லூரி மாணவர் ஒருவர், "ஹிட்லர் காலத்தில் அத்தனை லட்சம் யூதர்களை ரயிலில் கொண்டுபோய்க் கொன்றார்கள் என்பதற்கு என்ன அங்கிள் ஆதாரம்? அது கட்டுக்கதை என்றும் சிலர் சொல்கிறார்களே" என்று கேட்டார். கேட்க வேண்டிய கேள்விதான். ஆதாரம் கேட்பவருக்கு ஆதாரத்தைக் காட்டுவதே முறை.

இரண்டாம் உலகப் போரின்போது நாஜிகளும் அவர்களுடைய கூட்டாளிகளும் கொன்ற யூதர்கள் சுமார் 60 லட்சம் பேர். அவர்களில் ஏறக்குறைய பாதிப்பேர் ரயிலில் கொண்டுபோகப்பட்டவர்கள். ரயில் ஓட வேண்டுமானால் பாதை ஒதுக்க வேண்டும், எஞ்சின் வேண்டும், நிலையங்களுக்குத் தகவல் போக வேண்டும், பணம் கட்ட வேண்டும். இவை ஒவ்வொன்றும் காகிதத்தில் பதிவாகும்.

முதலில் பணக் கணக்கைப் பார்ப்போம். ஜெர்மன் ரயில்வே இந்தப் பயணங்களை இலவசமாகச் செய்யவில்லை. ஆளுக்கு மூன்றாம் வகுப்பு ஒருவழிக் கட்டணம், கிலோமீட்டருக்கு 4 பெனிக் வீதம் கேட்டது. 10 வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்கு அரைக் கட்டணம், 4 வயதுக்கு உட்பட்டவர்களுக்கு இலவசம். 400 பேருக்கு மேல் போனால் கும்பல் சலுகையாகப் பாதிக் கட்டணம். காவலர்களுக்கு மட்டும் போக வர டிக்கெட். ஏற்றப்பட்டவர்கள் திரும்ப மாட்டார்கள் என்பதைக் கட்டணமே சொல்லிவிடுகிறது. இந்த ரயில்வே ஆவணங்களைத் தேடித் திரட்டி ஆராய்ந்தவர் ராவுல் ஹில்பர்க் என்ற வரலாற்றாசிரியர். அவருடைய பெருநூல் 1961இல் வெளிவந்தது.

அடுத்தது கால அட்டவணை. போலந்தில் டிரெப்ளிங்கா என்ற சிற்றூரில் கொலை முகாம் ஒன்று இருந்தது. 1942 செப்டம்பரில் வெளியான ரயில்வே உத்தரவு ஒன்றில், அங்கே ஆட்களோடு போகும் வண்டி திரும்பும்போது 'காலி வண்டி' என்று குறிக்கப்பட்டிருக்கிறது. அந்த நிலையத்தில் வேலை பார்த்த பிரான்சிஷெக் ஜொம்பெட்ஸ்கி என்ற போலந்துக்காரர் வந்த வண்டிகளைக் கவனித்துக் குறித்துக்கொண்டார். அழிக்கப்படவிருந்த ரயில்வே தாள்கள் சிலவற்றையும் காப்பாற்றி வைத்தார். போருக்குப் பின் மேற்கு ஜெர்மனியில் நடந்த வழக்குகளில் அவரே சாட்சி சொன்னார்.

மூன்றாவது, செய்தவர்களே எழுதிய எண்ணிக்கை. 1943 ஜனவரியில் ஹெர்மன் ஹோஃப்லே என்ற நாஜி அதிகாரி ரகசியக் குறியீட்டில் ஒரு வானொலித் தந்தி அனுப்பினார். 1942 முடிய நான்கு முகாம்களுக்கு வந்து சேர்ந்தவர்கள் மொத்தம் 12,74,166 பேர் என்று அதில் இருந்தது. பிரிட்டிஷார் அதை அப்போதே இடைமறித்துப் படித்தும் அதன் பொருள் அவர்களுக்கு விளங்கவில்லை. ஆவணக் காப்பகத்தில் கிடந்த அந்தத் தாளை 2000ஆம் ஆண்டில்தான் ஆய்வாளர்கள் கண்டெடுத்தார்கள்.

நான்காவது, பெயர்கள். பிரான்சிலிருந்து கொண்டுபோகப்பட்டவர்களுக்கு வண்டிவாரியாகத் தட்டச்சுப் பட்டியல்கள் இருந்தன. செர்ஜ் கிளார்ஸ்ஃபெல்ட் என்ற வழக்கறிஞர் அவற்றைத் திரட்டி, ஏறக்குறைய 76,000 பேரின் விவரங்களை 1978இல் நூலாக வெளியிட்டார். அவருடைய தந்தையும் ஆஷ்விட்ஸ் முகாமில் மாண்டவர்.

ஒரு தாள் பொய்யாக இருக்கலாம். ஆனால் ரயில்வேக் கணக்கும், அதிகாரியின் தந்தியும், நிலைய ஊழியரின் குறிப்பும், உயிர் தப்பியவரின் வாக்குமூலமும் ஒன்றையொன்று அறியாமல் ஒரே விஷயத்தைச் சொல்லும்போது அதை மறுக்க வழியில்லை.

நாம் வாழும் கேரளத்திலும் இப்படி ஒரு வண்டி உண்டு. 1921 நவம்பரில் மலபார்க் கிளர்ச்சிக் கைதிகள் ஏறக்குறைய 100 பேரைத் திரூரில் காற்றுப் புகாத ஒரு பெட்டியில் அடைத்து அனுப்பினார்கள். கோயம்புத்தூரை அடுத்த போத்தனூரில் கதவைத் திறந்தபோது பலர் மூச்சுத் திணறி இறந்து கிடந்தார்கள். மொத்தம் 70 பேர் மாண்டார்கள். விசாரணைக் குழு அமர்த்தப்பட்டது, செய்தி பதிவாயிற்று. இன்றும் திரூரில் நகரமன்றம் அவர்கள் நினைவைத் தாங்கி நிற்கிறது.

ஆனால், நம் தமிழ் மக்களைப் பல்லாயிரக்கணக்கில் சரக்கு ரயிலில் ஏற்றிச் சென்ற கதைக்கு இவ்வளவு ஏடுகள் இல்லை.

1942 பிப்ரவரியில் சிங்கப்பூர் விழுந்து மலாயா முழுவதும் ஜப்பானியர் கைக்கு வந்தது. ரப்பர் ஏற்றுமதி நின்றது. பால் வெட்டிப் பிழைத்த தோட்டத் தமிழர்களுக்கு வேலையும் இல்லை, அரிசியும் இல்லை. அந்நேரம் ஜப்பானியர் சயாமிலிருந்து பர்மாவுக்கு 415 கிலோமீட்டர் ரயில் பாதை போடத் தொடங்கினார்கள். முதலில் நல்ல கூலி, சில மாத வேலை என்று ஆசை காட்டினார்கள். பிறகு தோட்டத்துக்கு இத்தனை பேர் என்று கட்டாயப்படுத்தினார்கள். இலவசப் படம் என்று கூப்பிட்டுக் கதவை அடைத்து லாரியில் ஏற்றினார்கள் என்றும் உயிர் தப்பியவர்கள் சொல்லியிருக்கிறார்கள். சரக்குப் பெட்டிகளில் பல நாள் பயணம். பிறகு காட்டுக்குள் நடை. 1943 மழைக்காலத்தில் காலரா பரவியது. மருத்துவரும் மருந்தும் இல்லாத கூலி முகாம்கள் முழுசு முழுசாகச் செத்தன.

இரண்டையும் ஒன்றாக்கிவிடக் கூடாது. யூதர்களைக் கொல்வதற்காகவே கொண்டுபோனார்கள். தமிழர்களை வேலை வாங்கக் கொண்டுபோய், செத்தால் சாகட்டும் என்று விட்டார்கள். நோக்கம் வேறு, அதுபோலவே பதிவும் வேறு.

அந்தப் பாதையில் வேலை செய்த வெள்ளைக்காரப் போர்க்கைதிகள் 60,000க்கும் மேல். இறந்தவர்கள் 12,000க்கும் மேல். கைதிகள் ஒளித்து வைத்த குறிப்புகளின் துணையோடு, போர் முடிந்ததும் 144 இடங்களில் 10,500க்கும் மேற்பட்ட கல்லறைகளைத் தேடிக் கண்டார்கள். இன்று தாய்லாந்தின் காஞ்சனபுரிக்குச் சுற்றுலா போனால் பெயர் பொறித்த கற்களை வரிசையாகப் பார்க்கலாம். க்வாய் நதிப் பாலம் பற்றிய புகழ்பெற்ற ஆங்கிலப் படமும் 1957இல் வந்தது. அதுவும் வெள்ளைக்கார வீரர்களின் கதைதான்.

மலாயாவிலிருந்து போன தொழிலாளர்கள் 70,000க்கும் மேல். பெரும்பாலோர் தமிழர்; மலையாளிகளும் தெலுங்கர்களும் மலாய்க்காரர்களும் உண்டு. பர்மியர், ஜாவாக்காரர் எல்லாரையும் சேர்த்தால் ஆசியத் தொழிலாளர்கள் இரண்டு லட்சத்தை ஒட்டி வருவார்கள். இறந்தவர் எத்தனை? 70,000 என்பார் உண்டு, 90,000 என்பார் உண்டு, லட்சத்துக்கு மேல் என்பாரும் உண்டு. கணக்கே இப்படி என்றால் பெயர்களுக்கு எங்கே போவது? 1990இல் காஞ்சனபுரியில் ஒரு நிலத்தைத் தோண்டியபோது நூற்றுக்கணக்கான எலும்புக்கூடுகள் ஒரே குழியில் கிடைத்தன. அவை ஆசியத் தொழிலாளர்களுடையவை என்று கருதப்பட்டது. ஆனால் ஒருவர் பெயரும் தெரியவில்லை.

மலேசிய எழுத்தாளர் ஆர். சண்முகம் 'சயாம் மரண ரயில்' என்ற நாவலை எழுதினார். 2023இல் காஞ்சனபுரியில் ஒரு புத்தக் கோயில் வளாகத்தில் தமிழ்த் தொழிலாளர்களுக்கு நடுகல் வைத்தார்கள். 80 ஆண்டுகள் கழித்தாவது அது நடந்ததே என்று ஆறுதல் கொள்ளலாம்.

எங்கள் பூர்வீகம் மன்னார்குடிப் பக்கம். என் தந்தையின் சித்தப்பா ஒருவர் நாகப்பட்டினத்தில் கப்பலேறி மலாயாத் தோட்டத்துக்குப் போனவர். 1941 வரை கடிதமும் பணமும் வந்தன. அதன் பிறகு ஒன்றும் இல்லை. அவர் சயாமுக்குப் போனாரா, தோட்டத்திலேயே பசியில் மாண்டாரா, தெரியாது. அவர் மனைவி எந்த நாளில் திதி கொடுப்பது என்று அறியாமல் ஆடி அமாவாசையில் தர்ப்பணம் செய்யச் சொல்லிக்கொண்டிருந்தார். தோட்டத்தின் பெயரைக் கேட்டுக் குறித்து வைக்க அப்போது வீட்டில் யாருக்கும் தோன்றவில்லை. அந்தக் கடிதங்களும் வீடு மாற்றியபோது போயின.

நம் சங்கக் குடும்பங்களில் தஞ்சை, திருச்சி, சேலம், இராமநாதபுரம் பக்கத்தவர் பலர் உண்டு. உங்கள் வீட்டிலும் 'மலாயாவுக்குப் போனவர்' ஒருவர் இருந்திருக்கக்கூடும். வீட்டுப் பெரியவர்களிடம் இவற்றைக் கேளுங்கள்: அவர் பெயர் என்ன, தகப்பனார் பெயர் என்ன, எந்த ஆண்டு போனார், எந்தத் தோட்டம், கடைசிக் கடிதம் எப்போது வந்தது, அவரோடு போய்த் திரும்பியவர் யார்? பழைய டிரங்குப் பெட்டியில் கடிதமோ, பாஸ்போர்ட்டோ, போட்டோவோ இருந்தால் பின்பக்கத்தையும் சேர்த்துப் படம் எடுத்து வையுங்கள். சொன்னவர் பெயரையும் தேதியையும் எழுதுங்கள். கண்ணால் கண்டது எது, காதால் கேட்டது எது என்று பிரித்து எழுதுங்கள். அப்போதுதான் அது ஆதாரமாகும்.

அந்தக் காலத்தைப் பார்த்தவர்கள் மிகச் சிலரே இப்போது மிஞ்சியிருக்கிறார்கள். அவர்கள் சொல்லக் கேட்ட பிள்ளைகளுக்கே எழுபது, எண்பது வயதாகிறது. அடுத்த விடுமுறைக்கு ஊருக்குப் போகும்போது ஒரு நோட்டுப் புத்தகமும் எடுத்துச் செல்லுங்கள். எழுதியதில் ஒரு பிரதியைச் சங்கத்துக்குக் கொடுத்தால் பத்திரமாக வைத்துக்கொள்ளலாம்.