தட்டை என்பது எங்கிருந்து வருகிறது?

ஐ.டி.ஐ.யில் பிட்டர் பிரிவில் சேருகிற பிள்ளைகள் வந்தவுடன் லேத்தில் நிற்கலாம் என்ற கனவோடு வருவார்கள். கைக்குக் கிடைப்பதோ ஒரு அரம், ஒரு பெஞ்ச் வைஸ், ஒரு இரும்புத் துண்டு. "ராவு" என்பார் சார். நாள்கணக்கில் ராவ வேண்டும், உள்ளங்கை கொப்பளிக்கும். சி.என்.சி. காலத்தில் இது என்ன தண்டனை என்று தோன்றும். ஆனால் இரண்டாண்டுப் படிப்பில் பௌதிகம் மிக அடர்த்தியாக இருக்கும் இடம் இந்த ராவல்தான் என்பது என் கட்சி.

துண்டு லேசில் தட்டையாகாது. நடுவில் தொப்பை விழும். முன்னும் பின்னும் ஓரங்கள் சரியும். காரணம் நெம்புகோல் விதி. அரத்தின் பிடி வலக்கையில், நுனி இடக்கையில், இடையில் தாங்குபுள்ளியாக அந்தத் துண்டு. தள்ளத் தொடங்கும்போது துண்டு நுனியருகே இருப்பதால் வலக்கைப் பக்கம் நீளம். இரண்டு கையும் ஒரே அளவில் அழுத்தினால் பிடி தாழும், கிட்டத்து ஓரம் தேயும். தள்ளி முடிக்கையில் எல்லாம் தலைகீழ்: நுனி தாழ்ந்து எட்டத்து ஓரம் தேயும். ஆகவே தொடக்கத்தில் இடக்கை, முடிவில் வலக்கை என்று அழுத்தம் ஒவ்வொரு தள்ளலிலும் கைமாற வேண்டும். யோசித்துக்கொண்டே இதைச் செய்யவே முடியாது. தோளும் மணிக்கட்டும் தாமாகக் கணக்குப் போடப் பழகும் வரைக்கும்தான் அத்தனை நாள்.

தட்டையாகிவிட்டதா என்று பார்க்க ட்ரை ஸ்கொயரின் விளிம்பைத் துண்டின்மேல் நிறுத்தி வெளிச்சத்துக்கு நேராகத் தூக்கிப் பிடிப்பார்கள். மேடு பள்ளம் இருந்தால் இடுக்கில் ஒளி கசியும். சில மைக்ரான் இடைவெளிகூட, அதாவது தலைமுடியின் தடிமனில் மிகச் சிறு பங்கு, கண்ணுக்குத் தெரிந்துவிடும். இன்னும் துல்லியம் வேண்டுமென்றால் 'புளூ' போட வேண்டும். தட்டையை ஒப்பிட்டுப் பார்க்கும் பலகையான சர்பேஸ் பிளேட்டில் பிரஷ்யன் நீலத்தை மெல்லியதாகத் தடவி, துண்டைக் கவிழ்த்து லேசாகத் தேய்த்து எடுத்தால் மேடான இடங்களில் மட்டும் நீலம் ஒட்டியிருக்கும். அந்தப் புள்ளிகளை ஸ்க்ரேப்பரால் சுரண்டிவிட்டு மறுபடி புளூ, மறுபடி சுரண்டல்.

சரி, அந்த சர்பேஸ் பிளேட் தட்டை என்று யார் சொன்னது? இன்னொரு பிளேட்டா? அப்படியானால் முதல் பிளேட்?

விடையைப் பலரறியச் செய்தவர் ஜோசப் விட்வொர்த். லண்டனில் ஹென்றி மாட்ஸ்லியின் பட்டறையில் வேலை பார்த்தவர். 1840-இல் கிளாஸ்கோ அறிவியல் கூட்டத்தில் இதைப் பற்றிக் கட்டுரை படித்தார். இரண்டு பிளேட்டுகளை ஒன்றோடொன்று பொருத்திச் சுரண்டினால் போதாது: ஒன்று குவிந்தும் மற்றது குழிந்தும் இருந்தாலும் இரண்டும் கச்சிதமாகப் பொருந்திவிடும். மூன்றாவதாக ஒன்று வேண்டும். குழிந்த பிளேட்டுக்குப் பொருந்துமாறு செதுக்கினால் மூன்றாவதும் குவிந்துதான் வரும். இப்போது குவிந்த இரண்டையும் சேர்த்து வைத்துப் பாருங்கள். ஆடும், குட்டு வெளிப்பட்டுவிடும். மூன்றும் எந்த ஜோடியாக வைத்தாலும், திசை திருப்பி வைத்தாலும் பொருந்த வேண்டுமென்றால் அதற்கு ஒரே வழி, மூன்றுமே தட்டையாக இருப்பதுதான். அளவுகோல் எதுவுமின்றி, மூன்று கரடுமுரடான வார்ப்பிரும்புகளும் பொறுமையும் மட்டும் கொண்டு துல்லியத்தைச் சூனியத்திலிருந்து பிறப்பித்துவிடலாம். லேத்தின் வழித்தடம் நேராக இருப்பதும், அந்த லேத் கடைந்த தண்டு நேராக வருவதும் இப்படிப் பிறந்த தட்டையின் வம்சாவளிதான்.

பாகங்களைச் சேர்த்துப் பூட்டும் அசெம்பிளி வேலைக்குப் போனால் இதே மைக்ரான்கள் வேறு வேஷத்தில் வரும். 25 மி.மீ. துளையுள்ள பேரிங்கை எடுத்துக்கொள்ளுங்கள். அது இறுக்கமாக உட்கார வேண்டுமென்று தண்டை 25 மி.மீ.க்குமேல் சில மைக்ரான் கூடுதலாகக் கடைந்திருப்பார்கள். புதுசாக வந்தவர் கை சுத்தியலைத் தேடும். வெளிவளையத்தில் ஓங்கி அடித்தால் அந்த விசை முழுவதும் உள்ளே உள்ள குண்டுகள் வழியாகத்தான் போகும்; ஓடுபாதையில் குழி விழும்; ஓடத் தொடங்கியதும் இரைச்சல் கேட்கும். அதனால் பேரிங்கைச் சூடாக்குகிறார்கள். சூடேறினால் இரும்பு விரியும், துளை சுருங்கும் என்றுதான் முதலில் பலரும் நினைப்பார்கள். ஆனால் வளையம் முழுக்க ஒரே விகிதத்தில் விரிவதால் துளையும் பெரிதாகிறது. மாட்டுவண்டிச் சக்கரத்துக்கு இரும்புப் பட்டாவைக் காய்ச்சிப் போடும் கொல்லர் நன்கறிந்த சங்கதி. 80 டிகிரி கூடுதல் சூட்டில் அந்தத் துளை ஏறத்தாழ 0.024 மி.மீ. அகலும். அந்த இடைவெளிக்குள் வேலையை முடிக்க வேண்டும். கோணாமல், நிறுத்தாமல், ஒரே மூச்சில் தள்ளி இருப்பிடம் சேர்த்துவிட வேண்டும். குளிர்ந்த தண்டு சூட்டை உறிஞ்சிக்கொண்டே இருக்கும்; தயங்கினால் பேரிங் பாதி வழியில் கவ்விக்கொள்ளும், பிறகு புல்லர் மாட்டி இழுத்துத்தான் கழற்ற வேண்டும்.