மணமுறிவும் கூட்டு வீடும்: பங்கும் கடனும் பிரியும் முறை



எல்லாப் புகழும் அகிலங்களைப் படைத்துப் பரிபாலிக்கும் அல்லாஹ்வுக்கே. ஸலவாத்தும் ஸலாமும் அண்ணல் நபி (ஸல்) அவர்கள் மீதும், அவர்களின் குடும்பத்தார், தோழர்கள் அனைவர் மீதும் உண்டாவதாக!

நம் கடற்கரையின் காயல்பட்டினத்தில் மகளுக்கு வீடு கொடுப்பது நெடுநாள் வழக்கம். அந்த வீடு மகளுக்கே எழுதப்பட்டிருந்தால், மணமுறிவு நேர்ந்தாலும் அது யாருடையது என்ற வழக்கு எழுவதில்லை. மாடி கட்ட மருமகன் பணம் செலவிட்டிருந்தால், அது அன்பளிப்பா கடனா என்பது மட்டுமே பேசவேண்டியது. ஆனால் இன்று தூத்துக்குடியிலும் சாயர்புரம் போன்ற சிற்றூர்களிலும் கணவன் மனைவி இருவர் பெயரிலும் மனை வாங்கி, இருவர் கையெழுத்திலும் வங்கிக் கடன் பெற்று வீடு கட்டுவது பெருகிவிட்டது. வட்டி ஹராம் என்பதில் ஐயமில்லை. எனினும் கையெழுத்திட்டுவிட்ட கடனை யார் சுமப்பது என்பதில் நீதி தவறுவது இன்னொரு பாவமாகிவிடும்.

இத்தாவும் வசிப்பிடமும்

தலாக் சொல்லப்பட்ட பெண்களை இத்தாக் காலத்தில் வீட்டை விட்டு வெளியேற்றலாகாது என்று இறைமறை கட்டளையிடுகிறது (65:1). நீங்கள் வசிக்கும் இடத்தில் அவர்களையும் வசிக்கச் செய்யுங்கள் என்றும் பணிக்கிறது (65:6). ஆதலால் கோபத்தில் பூட்டை மாற்றுவதும், பெட்டி படுக்கையைத் தெருவில் வைப்பதும் மார்க்கமன்று. பத்திரத்தில் அவள் பெயரும் இருந்தால், இத்தா முடிந்த பின்னரும் அவள் அவ்வீட்டின் உரிமையாளரே.

பங்கு எவ்வளவு?

ஆண்களுக்கு அவர்கள் சம்பாதித்ததில் பங்குண்டு. பெண்களுக்கும் அவர்கள் சம்பாதித்ததில் பங்குண்டு என்பது குர்ஆன் வகுத்த நெறி (4:32). 1882-ஆம் ஆண்டின் சொத்து மாற்றச் சட்டத்தின் 45-ஆம் பிரிவும் இதையொட்டியே செல்கிறது. வேறு ஒப்பந்தம் இல்லையெனில், அவரவர் போட்ட பணத்தின் விகிதமே பங்கு. யார் எவ்வளவு போட்டார் என்பதற்குச் சான்று இல்லையெனில் சமபங்கு என்று கொள்ளப்படும்.

முன்பணத்திற்காக மனைவி தன் நகையை விற்றுத் தந்திருந்தால், அது அவளுடைய மூலதனம். மஹராகவும் ஹிபாவாகவும் கொடுத்ததைத் திரும்பப் பறிக்கக் கணவனுக்கு அனுமதியில்லை. ஒரு பொற்குவியலையே கொடுத்திருந்தாலும் அதிலிருந்து எதையும் எடுக்காதீர்கள் என்பது இறைக்கட்டளை (4:20).

இன்னொன்றையும் கவனியுங்கள். வீட்டில் அவளுக்குள்ள பங்கு வேறு, ஜீவனாம்சம் வேறு. 2001-ஆம் ஆண்டு டேனியல் லத்தீபி வழக்கில் உச்ச நீதிமன்றம், மணமுறிவு பெற்ற முஸ்லிம் பெண்ணின் எதிர்காலத்திற்கான நியாயமான ஏற்பாட்டை இத்தாக் காலத்திற்குள் கணவன் செய்துவிட வேண்டும் என்று தீர்ப்பளித்தது. அவளுடைய சொந்தப் பங்கையே அவளிடம் கொடுத்துவிட்டு, ஜீவனாம்சம் தந்தாயிற்று என்று கணக்கு முடிப்பது அநீதி.

கடன் யாருடையது?

இங்கேதான் பலர் ஏமாறுகின்றனர். தலாக்நாமாவும் ஜமாஅத் எழுதிக் கொடுத்த உடன்படிக்கையும் வங்கியைக் கட்டுப்படுத்தா. 1872-ஆம் ஆண்டின் ஒப்பந்தச் சட்டம் 43-ஆம் பிரிவின்படி, சேர்ந்து வாங்கிய கடன் முழுவதையும் இருவரில் எவரிடமும் வங்கி கேட்கலாம். தவணை நின்றுபோனால், 2002-ஆம் ஆண்டின் சர்ஃபாசி சட்டப்படி 60 நாள் அறிவிப்புக் கொடுத்து, வழக்குத் தொடுக்காமலேயே வீட்டை எடுக்கவும் வங்கிக்கு வழியுண்டு. ஆதலால் பேச்சு முடியும்வரை தவணையை நிறுத்தாதீர்கள். தனியே கட்டியவர் ரசீதைப் பத்திரப்படுத்தி, மற்றவருடைய பங்கைப் பின்னர் கேட்டுப் பெறலாம்.

தீர்க்கும் வழிகள்

முதல் வழி, ஒருவர் வீட்டை வைத்துக்கொண்டு மற்றவருக்குப் பணம் தருவது. உதாரணமாக, வீட்டின் இன்றைய மதிப்பு 45 லட்சம், கடன் பாக்கி 18 லட்சம் எனில் மிஞ்சுவது 27 லட்சம். சமபங்கு எனில் விலகுகிறவருக்கு 13.5 லட்சம் சேரவேண்டும். முழுக் கடனும் வைத்துக்கொள்பவரைச் சேரும்.

இதில் வரிசை மிக முக்கியம். முதலில் வங்கியின் எழுத்துப்பூர்வ இசைவு பெற்று, விலகுகிறவர் பெயரைக் கடனிலிருந்து நீக்க வேண்டும். அல்லது வைத்துக்கொள்பவர் தனிப் பெயரில் புதுக் கடன் பெற்றுப் பழையதை அடைக்க வேண்டும். அதன் பின்னரே, பணத்தைப் பெற்றுக்கொண்டு, சார்பதிவாளர் அலுவலகத்தில் விடுதலைப் பத்திரம் பதிய வேண்டும். வரிசை மாறினால் வீடு போய்விடும். கடன் மட்டும் தலையில் நிற்கும். குடும்பத்தாருக்கிடையிலான பத்திரங்களுக்குத் தமிழகத்தில் கட்டணச் சலுகை உண்டு. மணமுறிவுக்குப் பின் அது பொருந்துமா என்பதை முன்கூட்டியே கேட்டறிவது நலம்.

இரண்டாவது, இருவரும் சேர்ந்து விற்று, வங்கிக் கடனை அடைத்து, மீதியைப் பங்குப்படி பிரிப்பது.

இரண்டுக்கும் இணங்காவிடில் பாகப்பிரிவினை வழக்கே மிஞ்சும். பிரிக்க இயலாத வீட்டை விற்றுப் பங்கிட 1893-ஆம் ஆண்டின் பாகப்பிரிவினைச் சட்டம் நீதிமன்றத்திற்கு அதிகாரம் தருகிறது. அதற்குள் ஆண்டுகள் பல கழியும், வட்டியும் ஏறும்.

பெரியோர்களின் கடமை

இரு தரப்பிலிருந்தும் நடுவர்களை நியமிக்கச் சொல்கிறது குர்ஆன் (4:35). கொடுக்கல் வாங்கலை எழுதி வைக்கவும் கட்டளையிடுகிறது (2:282). மணமுறிவுப் பேச்சில் அமரும் ஜமாஅத் பெரியோர்கள் பத்திர நகலையும் கடன் கணக்கையும் முன்னால் வைத்தே பேச வேண்டும். பிள்ளைகள் எங்கே தங்குவார்கள் என்பதை முதலில் கேட்க வேண்டும்.

அநியாயமாக ஒரு சாண் நிலம் அபகரித்தவரின் கழுத்தில் ஏழு பூமிகள் மாட்டப்படும் என நபி (ஸல்) அவர்கள் எச்சரித்தார்கள். அந்த ஒரு சாண் முன்னாள் மனைவியின் பங்காகவும் இருக்கலாம். முன்னாள் கணவனின் பங்காகவும் இருக்கலாம். மணமுறிவைப் பற்றிப் பேசும் இடத்திலேயே, உங்களுக்கிடையே உள்ள பெருந்தன்மையை மறந்துவிடாதீர்கள் என்று அல்லாஹ் அறிவுறுத்துகிறான் (2:237).

சேர்ந்து வாழும்போது அன்பையும், பிரிய நேரின் நீதியையும் நம் அனைவருக்கும் வல்ல ரஹ்மான் தந்தருள்வானாக! ஆமீன்.