ஒரு பெயர், மூன்று கற்கள்: வீட்டிலேயே ஒப்படர்த்தி காண்போம்

நவரத்தினங்களுள் ஒன்றாகிய புஷ்பராகத்தை நாம் அனைவரும் அறிவோம். ஆனால், அந்த ஒரே பெயரில் மூன்று வெவ்வேறு கற்கள் கைமாறுகின்றன என்பதைப் பலர் அறிவதில்லை. நவரத்தின நகைகளில் அது பெரும்பாலும் மஞ்சள் நிறச் சஃபையரைக் குறிக்கும். அகராதியைப் புரட்டினால் டோபாஸ் என்றிருக்கும். விலை குறைந்த சிட்ரின் என்னும் மஞ்சள் படிகக்கல்லும் சில வேளைகளில் அதே பெயரில் விற்கப்படுவதுண்டு. மூன்றும் மஞ்சள், மூன்றும் ஒளிரும். வெறும் கண்ணால் பிரித்தறிவது கடினம். ஆனால், ஓர் எண் அவற்றைப் பிரித்துக் காட்டிவிடும். அதுவே ஒப்படர்த்தி.

ஒப்படர்த்தி என்றால் என்ன?

ஒரு பொருள் தன் கன அளவுக்குச் சமமான நீரைவிட எத்தனை மடங்கு கனமானது என்பதே ஒப்படர்த்தி. பட்டை தீட்டினாலும் உடைத்தாலும் இந்த எண் மாறாது. கிந்தா பள்ளத்தாக்கில் டூலாங் தட்டில் மணலை அலசி ஈயத் தாதுவைப் பிரித்தவர்களுக்குக் கைகொடுத்ததும் இதுதான். மணலின் ஒப்படர்த்தி சுமார் 2.65, ஈயத் தாதுவுக்கோ ஏறத்தாழ 7. மணல் நீரோடு போகும். தாது தட்டில் தங்கும்.

செய்முறை

0.01 கிராம் வரை காட்டும் சிறிய மின்னியல் தராசு, ஒரு குவளை நீர், மெல்லிய நைலான் நூல் ஆகியவை போதும்.

1. உலர்ந்த கல்லை நிறுத்து, எடையைக் குறித்துக்கொள்க.
2. நீருள்ள குவளையைத் தராசில் வைத்து, அளவைப் பூச்சியமாக்குக.
3. கல்லை நூலில் கட்டி, குவளையின் அடியிலோ பக்கத்திலோ படாமல் நீருக்குள் முழுமையாகத் தொங்கவிடுக. தராசு காட்டும் அளவே கல் விலக்கிய நீரின் எடை.
4. முதல் எடையை இரண்டாவது எடையால் வகுக்க.

கல்லை நீர் மேல்நோக்கித் தாங்குகிறது. அதே அளவு விசை குவளையைக் கீழே அழுத்துகிறது. ஆர்க்கிமிடிசின் தத்துவப்படி, அந்த விசை விலக்கப்பட்ட நீரின் எடைக்குச் சமம்.

எடுத்துக்காட்டாக, 5.30 கிராம் எடையுள்ள மஞ்சள் கல் ஒன்றை நீரில் தொங்கவிட்டதும் தராசு 2.00 கிராம் காட்டுவதாகக் கொள்வோம். 5.30 ÷ 2.00 = 2.65. இது சிட்ரினுக்குரிய எண். அதே எடையுள்ள டோபாஸ் 1.50 கிராம் காட்டியிருக்கும். அதன் ஒப்படர்த்தி சுமார் 3.53. சஃபையராக இருந்தால் சுமார் 1.33 கிராம், அதன் ஒப்படர்த்தி ஏறத்தாழ 4.00.

கவனிக்க வேண்டியவை

கல்லில் ஒட்டிய காற்றுக்குமிழிகள் கணக்கைக் கெடுக்கும். நீரில் ஒரு சொட்டுப் பாத்திரம் கழுவும் திரவம் கலந்தால் அவை எளிதில் அகலும். நகையில் பதித்த கல்லை இவ்வாறு அளக்க இயலாது. முத்து, ஓப்பல், டர்க்காய்ஸ் போன்றவற்றை நீரில் இடாமல் இருப்பதே நல்லது.

கல் சிறிதானால் பிழை பெரிதாகும். 1 காரட், அதாவது 0.20 கிராம் எடையுள்ள சஃபையர் விலக்கும் நீர் 0.05 கிராம்தான். தராசு அதை 0.06 என்று காட்டினால் விடை 3.33 ஆகிவிடும், 0.04 என்றால் 5.00. எனவே, வீட்டுத் தராசுக்குச் சில கிராம் எடையுள்ள கற்களே ஏற்றவை. மூன்று முறை அளந்து சராசரி காண்பது நலம்.

இந்த எண்ணுக்கும் ஓர் எல்லை உண்டு. ஆய்வுக்கூடத்தில் உருவாக்கிய சஃபையருக்கும் மண்ணில் விளைந்த சஃபையருக்கும் ஒப்படர்த்தி ஒன்றே. கண்ணாடியோ கலவைக்கேற்ப 2.3 முதல் 4.5 வரை மாறும். ஆகவே, 4.00 என்று வந்துவிட்டதால் மட்டும் அது இயற்கைச் சஃபையர் என்று முடிவு செய்ய முடியாது. அதற்கு இரத்தினக்கல் ஆய்வகத்தின் சோதனை வேண்டும். ஆனால், கவனமாக அளந்தும் 2.65 என்றே வந்தால், அது சஃபையரும் அன்று, டோபாசும் அன்று என்று துணிந்து சொல்லலாம். சஃபையரின் விலையைக் கொடுக்குமுன் அதை அறிந்திருப்பது நம் கைப்பொருளைக் காக்கும்.