எண்ணெய் வற்றிய கியர்ப்பெட்டி

ஒருவன் தெருவில் மயங்கி வீழ்ந்தால், உயிரே போய்விட்டது என்று ஓலமிடுவாரும் உண்டு. முகத்தில் நீர் தெளித்து எழுப்பி, ஒன்றுமில்லை போ என்று அனுப்பிவிடுவாரும் உண்டு. இருவர் செயலும் தவறே. நல்ல மருத்துவன் முதலில் நாடியைப் பார்ப்பான்; மயக்கம் எதனால் வந்தது என்று வினவுவான்; அதனால் உள்ளுறுப்புக்கு ஊறு நேர்ந்ததா என்றும் ஆராய்வான். இயந்திரங்களுக்கும் இம்முறை பொருந்தும். எண்ணெய் இழந்து நின்றுவிட்ட ஒரு தானியங்கிக் கியர்ப்பெட்டியைக் கொண்டு இதனை விளக்கலாம்.

நம் நாட்டுப் பழைய லாரிகளில் ஓட்டுநரே கிளச்சை மிதித்துக் கியர் மாற்றுவது வழக்கம். அமெரிக்காவில் நிலைமை வேறு. 1940-ஆம் ஆண்டு மாதிரி ஓல்ட்ஸ்மொபைல் கார்களில் ஹைட்ராமாட்டிக் என்னும் தானியங்கிக் கியர் வந்தது. பின்னர் அவ்வகை சிறு லாரிகளுக்கும் பரவியது. 1969-ஆம் ஆண்டு மாதிரிகளில் தோன்றிய ஜெனரல் மோட்டார்ஸின் மூன்று வேக டர்போ ஹைட்ராமாட்டிக் 350, ஷெவர்லே பிக்கப் லாரிகள் பலவற்றில் இடம்பெற்றது. நமது ஆராய்ச்சிக்கு அதனையே எடுத்துக்கொள்வோம்.

அத்தகைய பழைய வண்டி ஒன்று ஒருநாள் அசைய மறுக்கிறது. எஞ்சின் உறுமுகிறது, சக்கரம் சுழலவில்லை. அடியில் பார்த்தால் சிவந்த எண்ணெய் குளமாய்த் தேங்கியிருக்கிறது. கியர்ப்பெட்டியைக் கழற்றிப் புதுப்பிக்கும் செலவு வண்டியின் விலையையே எட்டிவிடக்கூடும். ஆகவே, பெட்டி உண்மையில் கெட்டதா, பட்டினி கிடந்ததா என்று தீர்மானிப்பதில்தான் வண்டியின் வாழ்வு இருக்கிறது.

இப்பெட்டியில் எண்ணெய்க்கு மூன்று தொழில்கள். டார்க் கன்வர்ட்டரில் எஞ்சினின் ஆற்றலைக் கியருக்குக் கடத்துவது அதுவே. அழுத்தத்தால் கிளச்சுத் தகடுகளை இறுகப் பிடிக்கச் செய்வதும் அதுவே. உறுப்புகளுக்கு வழவழப்பைத் தந்து, வெப்பத்தைச் சுமந்து சென்று ரேடியேட்டரில் ஆற்றிக்கொள்வதும் அதுவே. நீர் வற்றிய கிணற்றில் ஏற்றம் இறைத்தால் சேறும் காற்றுமே வரும். அதுபோல, எண்ணெய் குறைந்ததும் பம்பு காற்றையும் சேர்த்து உறிஞ்சுகிறது, எண்ணெய் நுரைக்கிறது. நுரை அமுங்கக்கூடியது, ஆதலால் அழுத்தம் வீழ்கிறது. தகடுகள் முழுதும் பற்றாமல் வழுக்குகின்றன. வழுக்கலால் வெப்பம், வெப்பத்தால் தகட்டின் உராய்வுப் பரப்புக் கருகுகிறது, கருகியது மேலும் வழுக்குகிறது. இச்சுழல் தொடங்குமுன் வண்டி நிறுத்தப்பட்டதா, பின்னரா என்பதே நமது கேள்வி.

முதற் சோதனை அளவு. டிப்ஸ்டிக்கில் எண்ணெயே தெரியவில்லையாயின், எஞ்சினை ஓட்டுமுன் ஓரிரு லிட்டர் ஊற்ற வேண்டும். பிறகு சமதரையில் வண்டியை நிறுத்தி, பிரேக்கை மிதித்தபடியே கியர்க்கோலை எல்லா நிலைகளுக்கும் ஒருமுறை நகர்த்தி, பார்க் நிலைக்குக் கொணர்ந்து, எஞ்சின் ஓடும்போதே அளக்க வேண்டும். எஞ்சினை நிறுத்தி அளந்தால் கன்வர்ட்டரிலிருந்து இறங்கிய எண்ணெய் நம்மை ஏமாற்றும். சூடான நிலையில் இரு குறிகளுக்கும் இடையேயுள்ள வேறுபாடு ஏறக்குறைய அரை லிட்டர்தான். ஆர்வத்தால் மிகுதியாக ஊற்றினால் சுழலும் உறுப்புகள் அதனைக் கடைந்து, மீண்டும் நுரையாக்கிவிடும்.

இரண்டாவது, நிறமும் மணமும். எஞ்சியிருந்த எண்ணெயைப் புதிது ஊற்றுமுன் வெள்ளைத் துணியில் தொட்டுப் பார்க்க வேண்டும். செந்நிறம் மாறாதிருந்தால் நம்பிக்கை கொள்ளலாம். கறுத்துத் தீய்ந்த நாற்றம் அடித்தால் கிளச்சு கருகியதென்று அஞ்ச வேண்டும். இளஞ்சிவப்புப் பால்போல் இருந்தால், ரேடியேட்டர்த் தொட்டிக்குள் உள்ள குளிர்விப்பான் ஓட்டையாகி நீர் கலந்துவிட்டது. நீர், தகட்டின் உராய்வுப் பரப்பை ஒட்டு விடச் செய்யும்.

மூன்றாவது, போன வழி. எண்ணெய்த் தட்டின் காஸ்கெட், ரேடியேட்டருக்குச் செல்லும் குழாய்கள், முன்சீல், பின்சீல் ஆகியவற்றைத் துடைத்துவிட்டுப் பார்த்தால் புதுக்கசிவு தானே தன்னைக் காட்டிக்கொடுக்கும். வண்டிக்கடியில் புகுமுன் உறுதியான தாங்கிகளை நிறுத்த வேண்டும். ஜாக்கியை மட்டும் நம்பலாகாது.

தரையில் ஒரு சொட்டும் இல்லாமல் எண்ணெய் மறைவதும் உண்டு. இப்பெட்டியில் வேக்கம் மாடுலேட்டர் என்னும் சிறு கிண்ணம் இருக்கிறது. எஞ்சினின் உறிஞ்சு விசையை ஒரு சவ்வின் வழியே உணர்ந்து, கியர் மாறும் நேரத்தைச் சீராக்குவது அது. சவ்வு கிழிந்தால் எஞ்சின் கியர் எண்ணெயைக் குடித்து எரித்துவிடும். புகைபோக்கியில் வெண்புகை எழும். மாடுலேட்டரில் பொருந்திய ரப்பர்க் குழாயைக் கழற்றிப் பார்த்தால் உள்ளே எண்ணெய் இருக்கும். பெட்டியோடு ஒப்பிடுகையில் அற்ப விலையுள்ள உறுப்பு இது. இதனை அறியாதவன் எண்ணெய் ஊற்றிக்கொண்டே இருப்பான், ஒருநாள் மறந்துவிடுவான், அன்று பெட்டி கெடும்.

கசிவை அடைத்து, அளவைச் சரி செய்தபின் நான்காவது சோதனை ஓட்டம். இங்கே தருக்கமே கருவி. முன்செல்லும் எல்லாக் கியர்களுக்கும் ஃபார்வர்டு கிளச்சு வேண்டும். மூன்றாம் கியருக்கும் ரிவர்ஸுக்கும் பொதுவானது டைரக்ட் கிளச்சு. ஆகவே முதல் இரண்டும் நன்றாக இருக்க, மூன்றாவதும் ரிவர்ஸும் வழுக்கினால் குற்றவாளி டைரக்ட் கிளச்சே. ரிவர்ஸ் மட்டும் சரியாகி முன்னே செல்லாவிடில் ஃபார்வர்டு கிளச்சை ஐயுறலாம். நியூட்ரலிலும் வண்டி முன்னே நகர்ந்தால் அதன் தகடுகள் ஒட்டிக்கொண்டன எனலாம். எந்தப் பக்கமும் நகராவிட்டால் அழுத்தமானியைப் பொருத்த வேண்டும். அழுத்தம் குறைவாயின் வடிகட்டியும் பம்பும் ஐயத்திற்குரியவை. அழுத்தம் சரியாக இருந்தும் வழுக்கினால் கிளச்சுகளே தேய்ந்தன.

இறுதியாக எண்ணெய்த் தட்டை இறக்கிப் பார்க்க வேண்டும். மெல்லிய சாம்பல் நிறத் தூள் வயதின் அடையாளம், அதற்கு அஞ்சவேண்டுவதில்லை. கரிய துகள்கள் குவிந்திருந்தாலும், பளபளக்கும் உலோகச் சில்லுகள் மின்னினாலும், பெட்டியைப் பிரிக்காமல் தீராது. தட்டுச் சுத்தமாக இருந்து, நான்கு கியர்நிலைகளும் உறுதியாகப் பற்றினால், புது வடிகட்டியும் புது எண்ணெயும் இட்டு வண்டியை ஓட்டலாம். ஆயினும் சில வாரங்கள் டிப்ஸ்டிக்கை அடிக்கடி பார்த்துவருதல் நன்று.

எண்ணெய் ஊற்றியதும் வண்டி நகர்ந்தது என்பது பாதி விடைதான். அது எங்கே போயிற்று, போனபோது எதைக் கெடுத்துச் சென்றது என்ற இரண்டுக்கும் விடை கண்டபின்னரே பழுது தீர்ந்தது எனலாம். பழைய வண்டிகள் பல குப்பைமேட்டுக்குப் போவது நோயால் அன்று. நோயை ஆராயாத அவசரத்தால் என்பதை, நாளை பொறியியலாளராகப் போகும் நண்பர்கள் நினைவிற் கொள்வார்களாக.