பல சேர்ந்து ஒன்றாகும் இணைப்பகம்

ஒரு சிற்றூரில் பத்து வீடுகளில் தொலைபேசிகள் இருக்கின்றன என்று கொள்வோம். ஒவ்வொரு வீட்டையும் மற்ற ஒவ்வொரு வீட்டோடும் நேரே கம்பியால் இணைப்பதாயின் 45 கம்பிகள் வேண்டும். வீடுகள் நூறானால் கம்பிகள் 4,950 ஆகும். ஆயிரமானால் அவை ஐந்து லட்சத்தை நெருங்கும். இவ்விதம் ஓர் ஊரை இணைத்தல் இயலாது என்பது வெளிப்படை. ஆனால் நடுவில் ஓர் இணைப்பகத்தை அமைத்து, வீட்டுக்கு ஒரு கம்பி வீதம் அங்குக் கொண்டுவந்து சேர்த்தால், ஆயிரம் வீடுகளுக்கு ஆயிரம் கம்பிகளே போதும். தொலைபேசி இணைப்பகத்தின் தத்துவம் இதுவே. இன்று பள்ளிக் கணினிக்கூடங்களில் காணப்படும் நெட்வொர்க் சுவிட்சு என்னும் சிறு பெட்டியின் தத்துவமும் இதுவே.

இணைப்பகம் அமைந்தவுடன் மற்றொரு வினா எழுகின்றது. கம்பி வந்து சேரும் வாயிலைப் போர்ட் என்பர். இணைப்பகத்தின் போர்ட்டுகள் யாவும் நிரம்பிய பின்னர், புதிதாக வருவோருக்கு இடம் அளிப்பது எங்ஙனம்? பழைய சாதனத்தை எறிந்துவிட்டுப் பெரியது ஒன்றை வாங்குதல் ஒரு வழி. சிறு சாதனங்கள் பலவற்றை ஒன்றோடொன்று இணைத்து, அவை யாவும் ஒரே சாதனம்போல் இயங்கச் செய்தல் மற்றொரு வழி. இந்த இரண்டாம் வழியில் பெங்களூரு நகருக்குத் தனி வரலாறு உண்டு.

கித்தூரில் தொடங்கிய முயற்சி

நம் நாட்டில் கல்கத்தா, பம்பாய், சென்னை ஆகிய நகரங்களில் 1882-ஆம் ஆண்டு ஜனவரி 28-ஆம் நாள் தொலைபேசி இணைப்பகங்கள் திறக்கப்பெற்றன. அக்காலத்தில் பலகையின் முன் அமர்ந்த ஊழியர்களே கையால் இணைப்புக் கொடுத்தனர். அமெரிக்க நாட்டைச் சேர்ந்த ஸ்ட்ரௌஜர் என்பவர் 1891-இல் தானியங்கி இணைப்பு முறைக்குக் காப்புரிமை பெற்றார். அம்முறையிலான சாதனங்களை நம் நாட்டிலேயே செய்யும் பொருட்டு, 1948-இல் பெங்களூரில் இந்தியத் தொலைபேசித் தொழிற்சாலை நிறுவப்பெற்றது. அசையும் உறுப்புகள் பலவற்றால் ஆன இவ்வகை இணைப்பகங்கள் மிகுந்த இடத்தை அடைத்தன. தூசியும் தேய்மானமும் அவற்றுக்குப் பெரும் பகை.

பின்னர் மின்னணு இணைப்பகங்கள் வந்தன. ஆயினும் மேலைநாட்டுப் பெரிய இணைப்பகங்கள் பல்லாயிரம் சந்தாதாரர்களைக் கொண்ட நகரங்களுக்காகவே வகுக்கப்பட்டவை. குளிர்பதன வசதியும் தடையற்ற மின்சாரமும் இன்றி அவை இயங்கா. நூறு தொலைபேசிகளே தேவைப்படும் ஊருக்கு அவற்றால் பயன் இல்லை. இந்நிலையில் 1984-ஆம் ஆண்டு ஆகஸ்டில் சி-டாட் எனப்படும் தொலைத்தொடர்பு வளர்ச்சி மையத்தை மத்திய அரசு அமைத்தது. டில்லியிலும் பெங்களூரிலும் அதன் பொறியியலார் பணிபுரிந்தனர். மூன்று ஆண்டுக் காலமும் 36 கோடி ரூபாயும் அம்முயற்சிக்கு ஒதுக்கப்பெற்றன. சாம் பித்ரோடா அதற்கு ஊக்கம் அளித்தவர்களுள் முதன்மையானவர்.

அவர்கள் பெரியதைக் குறைத்துச் சிறியதாக்க முற்படவில்லை, சிறியதில் தொடங்கினர். 128 போர்ட்டுகள் கொண்ட ராக்ஸ் என்னும் கிராமத் தானியங்கி இணைப்பகம் முதலில் உருவாயிற்று. குளிர்பதனம் இல்லாத சாதாரண அறையிலேயே அது இயங்க வல்லது. ராணி சென்னம்மாவின் வீரத்தால் புகழ்பெற்ற, வடகர்நாடகத்துக் கித்தூரில் 1986-இல் முதல் ராக்ஸ் நிறுவப்பட்டது. அதன் பின்னர் நாடெங்கும் ஆயிரக்கணக்கான ஊர்களில் இவ்வகை இணைப்பகங்கள் பணிசெய்தன.

ஒன்றுக்குள் இணைப்பு

பல மாட்யூல்களை இணைக்கும் விதத்தை அறியுமுன், ஒரு மாட்யூலின் உள்ளே நிகழ்வதை அறிதல் வேண்டும். பேசுவோரின் குரல் வினாடிக்கு 8,000 தடவை அளக்கப்படுகிறது. ஒவ்வோர் அளவும் எட்டு இருமக் குறிகளாக மாற்றப்படுகிறது. ஆகவே ஓர் அளவுக்கும் அடுத்த அளவுக்கும் இடையே 125 மைக்ரோ வினாடிகள் உள்ளன. இந்த இடைவெளியை 512 கூறுகளாகப் பகுத்து, கூறு ஒன்றுக்கு ஒரு போர்ட் என ஒதுக்கினால், 512 பேருடைய குரல்கள் ஒன்றன்பின் ஒன்றாக ஒரே பாதையில் செல்லலாம்.

தபால் நிலையத்தில் கடிதம் பிரிக்கும் அறைப் பலகையை இதற்கு ஒப்பிடலாம். கடிதங்கள் வந்த வரிசையில் அறைகளில் இடப்படுகின்றன. எடுக்கும்போதோ, போகும் ஊரின் வரிசையில் எடுக்கப்படுகின்றன. அதுபோலவே 20-ஆம் கூறில் வந்த குரல் நினைவகத்தில் எழுதப்பட்டு, 300-ஆம் கூறில் படிக்கப்படுமாயின், 20-ஆம் சந்தாதாரர் 300-ஆம் சந்தாதாரரோடு பேசுகிறார். அசையும் உறுப்பு ஏதும் இல்லை. வரிசை மாறுகிறது, அவ்வளவே. இதனைக் கால இணைப்பு என்பர்.

மாட்யூல்களுக்கு இடையே இணைப்பு

128 போர்ட்டுகள் கொண்ட அலகுகள் நான்கு சேர்ந்து, 512 போர்ட்டுகள் கொண்ட ஆதார மாட்யூல் ஒன்று அமைந்தது. சிறிய நகருக்கு இது ஒன்றே போதும். ஊர் பெருகினால் மேலும் ஆதார மாட்யூல்களைச் சேர்த்து, அவற்றை மைய மாட்யூல் ஒன்றோடு பிணைத்தனர். இவ்விதம் 32 ஆதார மாட்யூல்கள் வரை இணைந்து, ஏறத்தாழ 40,000 சந்தாதாரர்களுக்குப் பணிசெய்யும் மாக்ஸ் என்னும் பெரிய இணைப்பகம் உருவாயிற்று. பெங்களூரில் தமிழர் மிகுதியாக வாழும் அல்சூர்ப் பகுதியின் இணைப்பகத்தில் இது நிறுவப்பட்டது.

மூன்றாம் மாட்யூலைச் சேர்ந்தவர் ஏழாம் மாட்யூலைச் சேர்ந்தவரை அழைக்கிறார் எனக் கொள்வோம். மூன்றாம் மாட்யூல் அவர் குரலைத் தக்கதொரு காலக் கூறில் ஏற்றி மையத்துக்கு அனுப்புகிறது. மையம் அக்கூறு வரும் நொடிப்பகுதியில் மட்டும் மூன்றாம் பாதையை ஏழாம் பாதையோடு இணைக்கிறது. ஏழாம் மாட்யூல் அக்குரலை உரிய போர்ட்டின் கூறுக்கு மாற்றுகிறது. இதற்கு எல்லா மாட்யூல்களும் ஒரே கணக்கில் அடியெடுத்து வைத்தல் வேண்டும். ஆகையால் காலக் கணக்கைக் காட்டும் துடிப்பு மையத்திலிருந்தே யாவற்றுக்கும் பகிர்ந்தளிக்கப்பட்டது.

இணைப்புக்குரிய நான்கு தகுதிகள்

ரயில் தொடரின் பெட்டிகள் எத்துணை உறுதியாக இருப்பினும், அவற்றைப் பிணைக்கும் கொக்கி வலுவற்றதாயின் தொடர் ஓடாது. மாட்யூல்களைச் சேர்க்குமிடத்தும் உறுதியைத் தீர்மானிப்பது இணைப்பே. அதற்கு நான்கு தகுதிகள் வேண்டும்.

முதலாவது, போதிய அகலம். மாட்யூலுக்குள் பாயும் போக்குவரத்து முழுவதும் வெளியே செல்ல நேரினும் இணைப்பு அதனைத் தாங்குதல் வேண்டும். இரண்டாவது, மாற்று வழி. ஒன்று பழுதுற்றால் மற்றொன்று பணியை ஏற்க வேண்டும். இதனால்தான் இவ்விணைப்பகங்களின் முக்கியக் கட்டுப்பாட்டு உறுப்புகள் இரட்டையாக வைக்கப்பட்டன. மூன்றாவது, ஒரே தலைமை. நான்காவது, துண்டிக்கப்பட்டாலும் தனித்து இயங்கும் ஆற்றல்.

நான்காவது தகுதியை விளக்க ஓர் உதாரணம் கூறலாம். ஆதார மாட்யூல் ஒன்றைத் தொலைவிலுள்ள ஊரில் வைத்து, நகரத்து இணைப்பகத்தோடு டிஜிட்டல் தடங்களால் பிணைக்கும் முறையும் இருந்தது. அத்தடம் அறுந்தால் வெளியூருக்குப் பேச இயலாது. ஆயினும் ஊருக்குள் ஒருவரை ஒருவர் அழைக்கும் வசதி நின்றுவிடவில்லை. மாட்யூல் தானே அதனைக் கவனித்துக்கொண்டது. மழைக்காலத்தில் கேபிள் அறுந்த இரவில், அவ்வூர் மக்கள் தம் ஊர் மருத்துவரையேனும் அழைக்க முடிந்தது. வகுத்தவர்கள் முன்கூட்டியே எண்ணிப் பார்த்ததன் பயன் இது.

கணினி வலையமைப்பில் அதே முறை

தொலைபேசியில் கண்ட முறையே இன்று கணினி வலையமைப்பிலும் கையாளப்படுகிறது. ஈதர்நெட் சுவிட்சுகள் 1990-இல் விற்பனைக்கு வந்தன. கல்பனா என்னும் இந்தியப் பெயர் தாங்கிய அமெரிக்க நிறுவனம் ஒன்று இதில் முன்னோடி. ஒரு சுவிட்சில் வழக்கமாக 24 அல்லது 48 போர்ட்டுகள் இருக்கும்.

இரு சுவிட்சுகளைச் சாதாரணப் போர்ட் ஒன்றின் வழியாகவும் இணைக்கலாம். ஆனால் வினாடிக்கு ஒரு கிகாபிட் வேகமுடைய 24 கணினிகள் ஒரு புறமும், அதே போன்ற 24 கணினிகள் மறு புறமும் இருக்க, நடுவே ஒரே ஒரு கிகாபிட் பாதை இருக்குமாயின், நெருக்கடி தவிர்க்க இயலாதது. அகன்ற சாலை ஒற்றையடிப் பாலத்தில் வந்து முடிவது போன்றது அது. மேலும் இரு சுவிட்சுகளையும் தனித்தனியே நிர்வகிக்க வேண்டும்.

இக்குறைகளை நீக்க ஸ்டாக்கிங் மாட்யூல் பயன்படுகிறது. அஃதாவது, சுவிட்சின் பின்புறத்துள்ள இடைவெளியில் செருகப்படும் ஒரு சிறு அட்டை. தனிவகைக் குறுகிய கேபிள்களால் ஒரு சுவிட்சின் மாட்யூலை அடுத்ததன் மாட்யூலோடு பிணைப்பர். அப்பாதையின் வேகம் சாதாரணப் போர்ட்டினும் பன்மடங்கு மிக்கது. சுவிட்சுகள் தமக்குள் ஒன்றைத் தலைமையாகத் தேர்ந்துகொள்கின்றன. வெளியிலிருந்து நோக்குவோருக்கு அவை ஒரே முகவரி கொண்ட ஒரே சுவிட்சாகத் தோன்றுகின்றன.

கடைசிச் சுவிட்சிலிருந்து முதல் சுவிட்சுக்கு மீண்டும் ஒரு கேபிள் இட்டு வளையமாக்குதல் இன்றியமையாதது. வளையத்தில் ஒரு கேபிள் பழுதுற்றால் அது நேர்த்தொடராகி நிற்கும். எந்தச் சுவிட்சும் துண்டிக்கப்படாது. வளையம் இல்லாத தொடரில் நடுக்கேபிள் பழுதுற்றால் தொகுதி இரண்டாகப் பிளவுறும். தலைமையை இழந்த பகுதி தனக்கெனப் புதுத் தலைமையைத் தேர்ந்துகொள்ளும். அப்போது இரு பகுதிகளும் ஒரே முகவரியை உரிமை கொண்டாடிக் குழப்பம் விளைவிக்கும்.

இங்கு ஒரு வேறுபாட்டை நினைவிற் கொள்ள வேண்டும். ஸ்டாக்கிங் கேபிளால் வளையம் அமைப்பது நன்மை. சாதாரணப் போர்ட்டுகளால் வளையம் அமைப்பது தீமை. பிந்தையதில் எல்லோருக்குமென அனுப்பப்படும் செய்தி முடிவின்றிச் சுற்றிப் பெருகி, சில வினாடிகளில் வலையமைப்பு முழுவதையும் முடக்கிவிடும். இவ்வளையங்களைக் கண்டறிந்து ஒரு பாதையை அடைத்துவைக்கும் முறையை 1985-இல் ரேடியா பெர்ல்மன் அம்மையார் வகுத்தளித்தார். அம்முறை இல்லாத மலிவான சுவிட்சுகளும் உண்டு. கணினிக்கூடத்தில் மாணவர் ஒருவர் ஒரே கேபிளின் இரு முனைகளையும் அத்தகைய சுவிட்சிற் செருகினால் கூடம் முழுவதும் ஓய்ந்துவிடும்.

நிறுவும் முறை

மாட்யூல்களை நிறுவும் ஊழியர்கள் கீழ்க்காணும் ஒழுங்கைப் பின்பற்றுதல் நலம்.

சுவிட்சுகள் யாவும் ஒன்றோடொன்று ஸ்டாக் செய்யத் தக்க வகையினவா என்பதையும், அவற்றின் மென்பொருட் பதிப்பு ஒன்றே என்பதையும் முதலில் உறுதிசெய்து கொள்ள வேண்டும். பதிப்பு வேறுபட்ட சுவிட்சைத் தொகுதி ஏற்க மறுத்தல் பெரும்பாலும் நிகழ்வது.

மின்சாரம் இருக்கும்போதே செருகலாம் என்று தயாரிப்பாளர் கூறியிருந்தாலன்றி, சுவிட்சின் மின்சாரத்தை நீக்கிவிட வேண்டும். மணிக்கட்டில் நிலக்கம்பிப் பட்டை அணிதல் வேண்டும். உடலிற் சேரும் நிலைமின்சாரம் நாம் உணராத அளவிலேயே அட்டையைக் கெடுத்துவிடக் கூடும். அட்டையை ஓரங்களிற் பிடித்து, வழிகாட்டும் பள்ளங்களில் நேராகச் செலுத்தித் திருகுகளை இறுக்க வேண்டும். வலிந்து தள்ளலாகாது.

அடுத்து, மேலிருந்து கீழாகக் கேபிள்களை இணைத்து, இறுதிக் கேபிளால் வளையத்தை மூட வேண்டும். கேபிளின் இரு முனைகளிலும் எண் எழுதிய சீட்டு ஒட்டுதல் பிற்காலத்தில் பெரிதும் உதவும். தலைமை ஏற்க வேண்டிய சுவிட்சுக்கு முதலில் மின்சாரம் கொடுத்து, அது முழுதும் இயங்கிய பின்னர் மற்றவற்றுக்குக் கொடுக்க வேண்டும்.

உறுப்பினர் பட்டியலில் எல்லாச் சுவிட்சுகளும் தோன்றுகின்றனவா என்று பார்ப்பதோடு பணி முடிந்துவிடவில்லை. ஒரு கேபிளைக் கழற்றி, எல்லாக் கணினிகளும் தொடர்ந்து பணிசெய்கின்றனவா என்று சோதித்து, மீண்டும் செருக வேண்டும். இச்சோதனையைச் செய்யாது விட்டால், வளையம் முதலிலிருந்தே மூடப்படவில்லை என்பது இரண்டாம் பழுது நேரும் நாளில்தான் தெரியவரும்.

வகுப்பறையில்

ஆசிரியர்கள் இதனைச் செலவின்றிக் கற்பிக்கலாம். நான்கு மாணவரை வட்டமாக நிறுத்தி, அடுத்தடுத்து நிற்போரை நூலால் இணைக்க வேண்டும். ஒரு சீட்டு கைமாறிச் செல்லட்டும். ஒரு நூலை அறுத்தால் சீட்டு மறுபுறமாகச் சுற்றி உரியவரை அடையும். இரண்டாம் நூலையும் அறுத்தால் அடையாது. கம்பிகளின் எண்ணிக்கையைக் கணக்கிடும்படி மாணவரைத் தூண்டினால், நேர் இணைப்பின் பயனின்மையை அவர்களே கண்டறிவர்.

பெரிய சாதனம் ஒன்றை ஒரே தடவையில் வாங்கும் வசதி எல்லா ஊர்களுக்கும், எல்லாப் பள்ளிகளுக்கும் வாய்ப்பதில்லை. இன்று ஒன்று, அடுத்த ஆண்டு மற்றொன்று எனச் சேர்த்து வளர்க்கும் முறை, சிறிய இடங்களையும் பெரிய வசதிக்கு உரியனவாக்குகிறது. கித்தூரின் ஒற்றை அறையில் தொடங்கிய முயற்சி கற்பிக்கும் பாடம் இதுவே. ஆயினும் சேர்க்கும் ஒவ்வோர் இணைப்பும் சோதிக்கப்பட்டதாக இருத்தல் வேண்டும். அப்பொறுப்பு, சாதனத்தை நிறுவும் களப்பணியாளரின் கையிலேயே உள்ளது.