காயலான் கடையும் கழனியும்

சென்னையிலிருந்து வடக்கே ரயிலேறிப் பொன்னேரியையும் தாண்டிச் சென்றால் கும்மிடிப்பூண்டி வந்து சேரும். அந்த ஸ்டேஷனில் காலை வேளையில் இறங்குகிறவர்களில் பெரும்பாலோர் சிப்காட் தொழிற்பேட்டைக்கு வேலைக்குப் போகிறவர்கள். அங்கே இரும்பு உருக்கும் ஆலைகள் உண்டு. பழைய பாட்டரிகளிலிருந்து காரீயத்தை மீட்டெடுக்கும் ஆலைகளும் உண்டு. இவை போன்ற ஆலைகளின் அபாயகரமான கழிவுகளை விதிப்படி புதைப்பதற்கென்றே ஓர் இடமும் அந்தப் பேட்டையில் இருக்கிறது. அப்படிப் புதைப்பது லேசான காரியமல்ல. குழியின் அடியில் களிமண்ணும், நீர் புகாத விரிப்பும் பரப்ப வேண்டும்; கசியும் நீரைக் குழாய் வைத்துத் தனியே பிடிக்க வேண்டும்; நிரம்பிய பிறகு மேலேயும் மூட வேண்டும்.

இவ்வளவு ஜாக்கிரதையோடு புதைக்க வேண்டிய அதே விஷம், விரிப்புமில்லாமல் மூடியுமில்லாமல் வெட்டவெளியில் மண்ணோடு கலப்பதும் நம் தேசத்தில்தான் நடக்கிறது. அது புறப்படும் இடம் வேறெங்குமில்லை. நம் வீட்டு வாசல்தான்.

பண்டிகைக்கு வீட்டை ஒழிக்கும்போது பழைய டெலிவிஷன் பெட்டி காயலான் கடைக்குப் போகிறது. நாலு காசு அதிகம் கேட்டு வாங்கிவிட்டோம் என்று நமக்கும் ஒரு திருப்தி. பிறகு அந்தப் பெட்டியின் கதி என்ன? படம் தெரியும் கண்ணாடிக் குழாயை உடைத்து, அதன் கழுத்தில் சுற்றியிருக்கும் தாமிரக் கம்பியை எடுத்துக் கொள்கிறார்கள். கண்ணாடியை யார் வாங்குவார்கள்? அது குப்பைமேட்டுக்கோ குட்டைக்கோ போய்ச் சேருகிறது. ஒயர்களைக் குவித்துத் தீ மூட்டினால் மேலுறை எரிந்து தாமிரம் மிஞ்சுகிறது. தங்கப் பூச்சுள்ள பலகைகளை இராஜ திராவகத்தில் ஊற வைத்து, தங்கத்தை எடுத்த பிறகு திராவகத்தை மண்ணில் கொட்டிவிடுகிறார்கள். இந்த வேலையைச் செய்கிறவர்கள் பெரும்பாலும் ஏழைகள். அந்தப் புகையை முதலில் சுவாசிக்கிறவர்களும் அவர்களே. அவர்கள் மீது கோபித்துப் பயனில்லை.

அந்தக் கண்ணாடியில் இருப்பது காரீயம். ஈயம் என்றதும் நம் வீட்டு ஸ்திரீகள் ரசம் வைக்கும் ஈயச் சொம்பை நினைத்துப் பயப்பட வேண்டாம். சுத்தமான சொம்பு வெள்ளீயத்தால் ஆனது. அது வேறு உலோகம். காரீயமோ பழைய யந்திரங்களின் பற்றாசிலும், படக்குழாய்க் கண்ணாடியிலும், பாட்டரியிலும் இருப்பது. குழந்தைகளின் மூளை வளர்ச்சியைக் கெடுக்கும் இந்த உலோகத்துக்கு, இவ்வளவு வரை உடம்பில் சேரலாம் என்று ஓர் அளவே கிடையாது என்கிறது உலக சுகாதார ஸ்தாபனம்.

ஒரு சிறு கணக்கு போட்டுப் பார்ப்போம். 2006 முதல் 2011 வரை தமிழ்நாட்டில் சர்க்கார் இலவசமாக வழங்கிய வர்ண டெலிவிஷன் பெட்டிகள் ஒன்றரைக் கோடிக்கு மேல். அவை கண்ணாடிக் குழாய் வைத்த பெட்டிகள். பெட்டிக்கு அரைக் கிலோ காரீயம் என்று கஞ்சத்தனமாக வைத்துக் கொண்டாலும் 7,500 டன் ஆகிறது. அவற்றில் எத்தனை பெட்டிகள் இன்னும் வீடுகளில் இருக்கின்றன? போனவை எங்கே போயின? உலகம் முழுவதிலும் 2022-ஆம் வருஷத்தில் சேர்ந்த மின்னணுக் கழிவு 6 கோடியே 20 லட்சம் டன். அதில் கால் பங்குக்கும் குறைவுதான் முறைப்படி பிரித்தெடுக்கப்பட்டதாகக் கணக்கில் வந்தது.

ஆற்று நீர் ஓடிவிடும். புகையைக் காற்றுக் கலைத்துவிடும். மண் எங்கேயும் போகாது. காரீயம் மேல்மண்ணிலேயே தங்கிவிடுகிறது, மட்குவதுமில்லை, அழிவதுமில்லை. புழுதியில் விளையாடிய குழந்தை கையை வாயில் வைத்தால் போதும். பழைய பாட்டரிகள் சிலவற்றில் இருக்கும் காட்மியம் இன்னும் பொல்லாதது. நெற்பயிர் அதை வேரால் உறிஞ்சி அரிசியிலேயே சேர்த்து வைக்கிறது. ஜப்பானில் ஜின்ஸூ நதிக்கரை விவசாயிகள் இதன் பலனை அனுபவித்தார்கள். சுரங்கத்திலிருந்து வந்த காட்மியம் வயலில் பாய்ந்து, அந்த அரிசியை உண்டவர்களின் எலும்புகள் நலிந்து முறிந்தன. நோயாளிகள் வலி பொறுக்காமல் 'இதாய், இதாய்' என்று அலறியதே நோயின் பெயராயிற்று. கெட்ட வயல்களின் மண்ணைத் திருத்தும் வேலை 1979-இல் தொடங்கி 2012-இல்தான் முடிந்தது. அதிலும் அவர்களுக்கு ஒரு சௌகரியம் இருந்தது: வழக்குத் தொடுத்து நஷ்டஈடு வாங்குவதற்கு மிட்சுயி என்ற சுரங்கக் கம்பெனி எதிரே இருந்தது. இராத்திரியில் யாரோ நெருப்பு வைத்துவிட்டுப் போன புறம்போக்கு நிலத்துக்காக நாம் யார் மீது வழக்குப் போடுவது?

திருவள்ளூர் ஜில்லா நெல் விளையும் பூமி. பூண்டி ஏரியும் அங்கேதான் இருக்கிறது. சத்தியமூர்த்தி சென்னை மேயராக இருந்து பாடுபட்டதன் பலனாக 1944-இல் கட்டி முடிந்த ஏரி அது. சென்னைவாசிகள் அந்த நீரைக் குடித்துவிட்டுத் தங்கள் உடைசலை அந்தத் திசையிலேயே அனுப்புவது நியாயமாகுமா?

முறைப்படி பிரிக்கும் ஆலை நமக்குக் குறைந்த விலை கொடுப்பதில் ஆச்சரியமில்லை. விஷத்தைப் புதைக்கும் செலவு அதன் கணக்கில் ஏறுகிறது. வெட்டவெளியில் எரிப்பவர் அந்தச் செலவை யாருடைய கழனியிலோ எழுதிவிடுகிறார். நாம் அதிகமாக வாங்கிய அந்த நாலு காசு அங்கிருந்துதான் வந்தது.

சட்டம் இல்லாமலில்லை. தண்ணீருக்கு 1974-இலும், காற்றுக்கு 1981-இலும் சட்டம் வந்தது. மின்னணுக் கழிவு விதிகள் 2012-இல் அமலுக்கு வந்து, பிறகு திருத்தப்பட்டு, பொருளைச் செய்து விற்பவரே அதன் முடிவுக்கும் பொறுப்பாளி என்கின்றன. கெட்டுப்போன நிலங்களுக்கென்று தனி விதிகள் வந்ததோ 2025-இல்தான். மண்ணின் முறை கடைசியில்தான் வந்தது! அவற்றின்படி ஜில்லா நிர்வாகம் ஆறு மாதத்துக்கு ஒரு தரம், சந்தேகத்துக்குரிய நிலங்களின் ஜாபிதாவை அனுப்ப வேண்டும். கெடுத்தவர் அகப்பட்டால் அவரே செலவை ஏற்க வேண்டும்.

ஜாபிதாவில் ஒரு நிலம் ஏற வேண்டுமானால் யாராவது போய்ச் சொல்ல வேண்டும். எந்தத் திசையிலிருந்து இராத்திரிகளில் கரும்புகை வந்தது என்பது கலெக்டர் ஆபீஸுக்குத் தெரியாது. பக்கத்துக் கழனிக்காரருக்குத் தெரியும்.